விளையாட்டுப் பொருள் கடையின் துப்பாக்கிக் கவுண்டர்: சரக்கைச் சரியாகக் கையாளாதபோது எழும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் மான் வேட்டைக்கோ களிமண் தட்டுச் சுடுதலுக்கோ முதன்முறையாகத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள், பெரும்பாலும் வீட்டுக்கு அருகிலுள்ள பெரிய விளையாட்டுப் பொருள் கடைக்குத்தான் செல்கிறார்கள். அங்கே கவுண்டரில் பார்த்தவற்றைப் பற்றி ஒரே மாதிரியான ஐயங்களை என்னிடம் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவற்றையும் என் பதில்களையும் இங்கே ஒருசேரத் தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்பவை கூட்டாட்சிச் சட்டத்தைச் சார்ந்தவை. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால் உங்கள் மாநில விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தும் மட்டையும் விற்கும் கடையில் துப்பாக்கியை எப்படி விற்கிறார்கள்? அதற்குத் தனி அனுமதி வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்யும் எந்தக் கடையும் ஏ.டி.எஃப். என்று அழைக்கப்படும் கூட்டாட்சி முகமையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வாங்குபவர் படிவம் 4473ஐ நிரப்ப வேண்டும், அதன்பின் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை நடக்கும். 1998 நவம்பர் இறுதியிலிருந்து இந்த உடனடிச் சோதனை முறை நடைமுறையில் இருக்கிறது. உரிமம் பெற்ற கடையில் ரைஃபிளும் ஷாட்கனும் வாங்க 18 வயதும், கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும்.

உரிமம் என்பது பதிவேடுகளையும் விற்பனை நடைமுறையையும் பற்றியது. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் துப்பாக்கியின் உள்ளமைப்பை அறிந்தவரா, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பழகியவரா என்பதை அந்த உரிமம் சோதிப்பதில்லை. நல்ல அனுபவம் உள்ளவர்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அதே நேரத்தில், வேட்டைப் பருவக் கூட்டத்தைச் சமாளிக்கத் தூண்டில் பகுதியிலிருந்து மாற்றி விடப்பட்டவரும் அங்கே நிற்கக்கூடும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கின்றன.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்காமல் சும்மா கையில் எடுத்துப் பார்க்கலாம் இல்லையா?

குடியேறாதோர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது. அது கையில் இல்லாத நிலையில், 'பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்' என்ற சமாதானத்தை நம்பித் துப்பாக்கியைக் கையில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சில நொடிகள் கையில் வைத்திருந்தாலும் அதை 'வசம் வைத்திருத்தல்' என்று வாதிட இடமிருக்கிறது. அதன் விளைவு உங்கள் குடியேற்ற நிலையையே பாதிக்கும். கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்பு அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

'சரியாகக் கையாளவில்லை' என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு சிறு கீறலுக்கா இவ்வளவு பேச்சு?

கீறலும் அதில் அடக்கம்தான். ரைஃபிள்களை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கிய வரிசையில், ஒரு ரைஃபிளின் போல்ட் (தோட்டா அறையைத் திறந்து மூடும் உலோகத் தண்டு) கைப்பிடி பக்கத்து ரைஃபிளின் தோளில் ஊன்றும் வால்நட் மரக் கட்டையில் இடித்து இடித்து, நகக்கண் அளவுக்குப் பிறை வடிவப் பள்ளம் விழுந்திருப்பதை நீங்கள் பல கடைகளில் பார்க்கலாம். விலைச்சீட்டைக் கட்டிய மெல்லிய கம்பி விசையை, அதாவது ட்ரிகரை, சுற்றியுள்ள காப்பு வளையத்தின் மீது உரசி உரசி, கறுப்பு நிறம் போய் வெள்ளி நிறக் கோடு தெரிவதும் அப்படித்தான். புதுச்சரக்கின் விலை கொடுப்பவருக்கு இவை நியாயமான குறைகளே.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது கண்ணுக்குத் தெரியாத சேதத்தைப் பற்றி. ரிவால்வரின் சிலிண்டரைத் திரைப்படத்தில் வருவதுபோல மணிக்கட்டை வீசி மூடுவது, தோட்டா இல்லாத பிஸ்டலின் ஸ்லைடை (பின்னுக்கு இழுத்து விடும் மேல் பகுதியை) திரும்பத் திரும்ப முழு வேகத்தில் விடுவிப்பது, ஷாட்கனின் குழல்வாயைச் சிமெண்டுத் தரையில் ஊன்றி நிற்பது போன்ற பழக்கங்களின் விளைவு கடையில் தெரியாது. வாங்கியவர் சுடுதளத்துக்குப் போன பிறகுதான் தெரியும்.

துப்பாக்கி வெடியையே தாங்குகிறதே! கவுண்டரில் கையால் எடுத்துப் பார்ப்பதில் என்ன கெட்டுவிடப்போகிறது?

எல்லோரும் கேட்பது இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதைத் தாங்கும் இரும்பு மனிதக் கைக்கு எப்படிக் கெடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த வலிமை தோட்டா அறை, குழலின் அடிப்பகுதி, போல்ட்டின் பூட்டுப் பற்கள் ஆகியவற்றில்தான் இருக்கிறது. அதுவும் ஒரே திசையில் வரும் அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டது. மற்ற பாகங்கள் எல்லாம் சிறிய நெம்புகோல்களும் ஊசிகளும் சுருள்வில்களும் மெல்லிய விளிம்புகளுமாகும்.

ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரைத் தாங்கி வெளியே திறந்து மூடும் சிறிய கைதான் கிரேன் எனப்படுவது. எஃகுச் சிலிண்டரின் முழு எடையும் வேகமாக வந்து சட்டத்தில் மோதினால் அந்தக் கை மிகச் சிறிதளவு வளையும். அப்போது சிலிண்டர் அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிற்பது பிசகும். குண்டு குழலுக்குள் நுழையும்போது ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். அடுத்தது குழல்வாயின் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அதுதான். அதில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால், பின்னாலிருந்து தள்ளும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும்; எவ்வளவு நல்ல ரைஃபிளும் குறி பிசகும்.

1911 வகைப் பிஸ்டல்களில், தோட்டாவைத் தள்ளிக்கொண்டு மூடும்போது ஸ்லைடின் வேகம் குறைகிறது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் காலியாக இருக்கும்போது அந்தத் தடை இல்லை. முழு வேகத்தில் மோதும் அதிர்ச்சி, விசையின் உள்ளே ஒன்றையொன்று பற்றி நிற்கும் மெல்லிய விளிம்புகளுக்குப் போகிறது. விசை மென்மையாகச் சீரமைக்கப்பட்ட விலையுயர்ந்த பிஸ்டல்களுக்கே இதனால் தீங்கு அதிகம். கவுண்டரில் எல்லோரும் ஆசையோடு எடுத்துப் பார்ப்பதும் அவற்றைத்தான்.

கைரேகை பட்டால் துரு பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ப்ளூயிங் எனப்படும் கருநீல மெருகு, இரும்பின் மேற்பரப்பையே மெல்லிய ஆக்சைடு படலமாக மாற்றுவதால் வருவது. பெயிண்ட்போல மூடிக் காப்பது அன்று. எண்ணெய் தடவியிருந்தால் மட்டுமே அது துருவைத் தடுக்கும். வியர்வையில் உள்ள உப்பு அதன்மீது தங்கினால், ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் விரல்ரேகையின் வரிகள் அப்படியே பழுப்பு நிறத்தில் பதிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் எஃகும் துருப்பிடிக்கும், மெதுவாக. நல்ல கடைகளில் ஒவ்வொருவர் பார்த்து முடித்ததும் எண்ணெய் அல்லது சிலிக்கோன் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு வைப்பார்கள். ஒரு கவுண்டரின் தரத்தை அறிய, அந்தத் துணி அங்கே கிடக்கிறதா என்று பார்ப்பது போதும்.

ஊழியர் துப்பாக்கியை எப்படி எடுத்துக் கொடுக்க வேண்டும்? எது முறை, எது முறையில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

வரிசையிலிருந்து எடுக்கும்போதே குழல்வாய் ஆளில்லாத திசையில் இருக்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். மேகசினைக் கழற்றி, போல்ட்டையோ ஸ்லைடையோ திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதைத் தாமும் கண்ணால் பார்த்து, உங்களுக்கும் காட்டி, திறந்த நிலையிலேயே உங்கள் கையில் தர வேண்டும். நீங்களும் அவர் பார்த்துவிட்டாரே என்று விடாமல், மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்ப்பதை அவர்மீதான அவநம்பிக்கையாக அந்தத் தொழிலில் இருப்பவர் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த ஒழுங்கைக் காப்பவர் பெரும்பாலும் பொருளையும் காப்பவராக இருப்பார். இரண்டுக்கும் வேண்டியது ஒரே கவனம்தான். மூடியபடியே நீட்டுபவர், ஒரு கையால் குழலைப் பிடித்து இழுத்து எடுத்து அடுத்த ரைஃபிளின் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) இடிப்பவர், பேசிக்கொண்டே குழல்வாயை வரிசையில் நிற்பவர்கள் மேல் சுழற்றுபவர் ஆகியோரிடம் நான் எதுவும் வாங்குவதில்லை.

விசையை அழுத்திப் பார்க்கலாமா? அழுத்தாமல், அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எப்படித் தெரியும்?

கேட்டுவிட்டு அழுத்துங்கள்; கேட்காமல் அழுத்துவது இந்தக் கவுண்டர்களில் நாகரிகக் குறைவாகவே கருதப்படுகிறது. இன்றைய மையத் தெறிப்புத் தோட்டாக்களுக்கான (ஊசி தோட்டாவின் அடிப்பகுதியின் நடுவில் அடிப்பவை) ரைஃபிள், பிஸ்டல்களில் வெற்றாக, அதாவது தோட்டா இல்லாமல், அழுத்துவதால் பெரும்பாலும் சேதமில்லை. .22 போன்ற விளிம்புத் தெறிப்புத் துப்பாக்கிகளின் கதை வேறு. தோட்டாவின் விளிம்பை அடிப்பதற்காக அமைந்த ஊசி, தோட்டா இல்லாதபோது அறையின் வாய்விளிம்பையே அடிக்கக்கூடும். பலமுறை அடித்தால் அந்த இடத்தில் உலோகம் பிதுங்கி, தோட்டா உள்ளே போவதும் வெளியே வருவதும் சிரமமாகும். ரூகர் 10/22 போன்ற சில .22 துப்பாக்கிகளை வெற்றாக அழுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது.

பழைய இரட்டைக்குழல் ஷாட்கன்களிலும் வேண்டாம். அக்கறையுள்ள கடையில் ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டா வைத்திருப்பார்கள். அதைப் போட்டு அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள்.

கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைத்தான் எனக்குக் கொடுப்பார்களா, உள்ளேயிருந்து புதியது வருமா?

கடைக்குக் கடை மாறும். கிடங்கில் இன்னொன்று இருந்தால் கேட்டவுடன் எடுத்து வருவார்கள். இல்லையென்றால் பலர் கைபட்ட காட்சிப் பொருளையே எண்ணெய் தடவிப் பெட்டியில் போட்டுப் புதியது என்று கொடுப்பார்கள். அது முன்பு யாருக்கும் விற்கப்படாதது என்பதால் அவர்கள் கணக்கில் அது புதியதுதான். எனவே முதலிலேயே கேட்டுவிடுங்கள். காட்சிப் பொருள்தான் கடைசி ஒன்று என்றால், விலையில் குறைத்துத் தரும்படி கேட்பதில் தவறே இல்லை. மேலாளருக்கு அந்த அதிகாரம் இருக்கும் கடைகள் உண்டு.

காட்சிப் பொருள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கையில் எடுத்து, திறந்து மூடி, எப்படி இயங்குகிறது என்று பார்த்த துப்பாக்கியை வாங்குவதில் ஒரு நன்மையும் இருக்கிறது: அதன் குறையும் நிறையும் உங்களுக்குத் தெரியும். திறக்காத பெட்டியில் வருவதைப் பார்க்காமலே வாங்கினால் அந்த நன்மை இல்லை.

கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நான் புதியவன், எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றும் தெரியாதவரும் பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. முதலில் வெளிச்சம். கவுண்டரின் கண்ணாடி விளக்கில் எல்லாமே பளபளக்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் கட்டையின் பள்ளமும் உலோகத்தின் கீறலும் நிழல் விழுந்து தெரியும். குழல்வாயின் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். போல்ட்டைக் கழற்றித் தரச் சொல்லி, பின்புறத்திலிருந்து குழலுக்குள் பாருங்கள். புள்ளிகளோ பழுப்புத் திட்டுகளோ இருக்கக் கூடாது. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ தவறான கருவியால் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில், குறிப்பாகப் பின்புறம், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்; கீழே விழுந்த துப்பாக்கியில் விரிசல் முதலில் தோன்றுவது அங்கேதான்.

இரட்டைக்குழல் ஷாட்கன் என்றால், மூடியபின் குழல்களையும் கட்டையையும் இரு கைகளால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. ரிவால்வரில், சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளி மூடுங்கள். முன்னே சொன்ன கிரேன் வளைந்திருந்தால் மூடும்போது இறுக்கம் தெரியும். கடைசியாகத் தொடர் எண். துப்பாக்கியில் பொறித்திருப்பதும், பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருப்பதும், படிவத்தில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். பின்னால் கூட்டம் நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். வாங்கும் பொருளை ஏற்பதற்கு முன் சோதித்துப் பார்க்கும் உரிமையை, ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டுள்ள ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பே உங்களுக்குத் தருகிறது.

பெட்டியில் மேகசின் ஒன்று குறைந்தால்? சோக் குழாய்கள் இல்லையென்றால்?

காட்சிக்கு வைக்கும்போது துணைப்பொருள்களைத் தனியே எடுத்து வைத்து, பிறகு மாறிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஷாட்கனுக்கு, குழல்வாயில் திருகிப் பொருத்தும் மாற்றுச் சோக் குழாய்களும் அவற்றைத் திருகும் சாவியும், பிஸ்டலுக்கு இரண்டாவது மேகசினும் விலைக்குள் அடங்கியவை. தனியே வாங்கினால் செலவு கூடும். கையேட்டில் 'பெட்டியில் இருப்பவை' என்ற பட்டியலைக் கவுண்டரிலேயே எடுத்து ஒப்பிடுங்கள். கைத்துப்பாக்கியோடு பூட்டோ வேறு பாதுகாப்புக் கருவியோ தராமல் கடை விற்கக் கூடாது என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டம்.

ஸ்கோப்பைக் கடையிலேயே பொருத்தித் தருகிறார்கள். அதை நம்பலாமா?

பொருத்துபவரைப் பொறுத்தது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தின் மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 அங்குலப் பவுண்டு முறுக்கம் போதும். தயாரிப்பாளர் சொல்லும் அளவே இறுதியானது. அளவுக் கருவி இல்லாமல் கை வலுவில் முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். தளர்வாக விட்டால் சுடும் அதிர்ச்சியில் நகரும். 'முறுக்க அளவுக் கருவி வைத்துப் பொருத்துகிறீர்களா?' என்று கேளுங்கள். அதற்குத் தயக்கமில்லாத பதில் வந்தால் கொடுக்கலாம்.

இன்னொன்று: உங்கள் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் உங்கள் கழுத்தையும் தோளையும் பொறுத்தது. நீங்கள் அங்கே இல்லாதபோது பொருத்திய ஸ்கோப், பின்னடிப்பில் புருவத்தைக் கிழிக்கும் அளவுக்கு அருகில் இருக்கக்கூடும். நீங்கள் தோளில் வைத்துக் காட்டிய பிறகே இறுக்கச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் கடையில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு?

ஒப்படைக்கும் வரை பொருள் கடையின் வசத்தில் இருக்கிறது. அதனால் பொறுப்பும் கடையுடையதுதான். நிரூபிப்பதுதான் சிக்கல். தேர்ந்தெடுத்த அன்றே, கடையின் அனுமதியோடு, தொடர் எண் தெரியும்படியும் நான்கு பக்கங்களும் தெரியும்படியும் படம் எடுத்துவிடுங்கள். வாங்க வரும் நாளில் மேலே சொன்ன சோதனையை முழுவதும் மறுபடி செய்யுங்கள். பின்னறையில் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்; ஸ்கோப் பொருத்திய ரைஃபிள் மெல்லிய அட்டைப்பெட்டிக்குள் இருந்தால் அதன்மேல் எடை ஏறியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின்தான் குறையைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க முடியாதா?

பெரும்பாலான கடைகளில் துப்பாக்கி விற்பனை இறுதியானது. ரசீதிலும் சுவரிலும் அப்படி எழுதியிருப்பார்கள். பின்னணிச் சோதனை முடிந்து உங்கள் பெயருக்கு மாறிவிட்ட துப்பாக்கி, மறுநாளே திரும்பி வந்தாலும் கடைக்குப் பழைய சரக்கு. அதைப் புதிய வரவாகப் பதிவேட்டில் ஏற்றி, பழையது என்றே விற்க வேண்டியிருக்கும். அதனால்தான் நான் கையெழுத்துக்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறேன். உங்கள் சொல்லுக்குக் கவுண்டரில் மதிப்பு இருப்பது அந்த நிமிடங்களில்தான்.

ஆனாலும் வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். இயங்குவதில் குறை இருந்தால் தயாரிப்பாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். அவர்கள் அனுப்பும் சீட்டை ஒட்டி அவர்கள் சொல்லும் வழியில் அனுப்பலாம். பழுது பார்த்த துப்பாக்கியையோ அதற்கு ஈடாகத் தரும் அதே வகைத் துப்பாக்கியையோ தயாரிப்பாளர் புதிய 4473 படிவம் இல்லாமல் உங்களுக்குத் திருப்பி அனுப்பக் கூட்டாட்சி விதிகள் இடம் தருகின்றன. எழுத்து வடிவ உத்தரவாதம் பெட்டியில் இல்லையே என்று சிலர் கலங்குகிறார்கள். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம் உத்தரவாதம் தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தந்தால் எப்படித் தர வேண்டும் என்றே சொல்கிறது. ரூகர் நிறுவனம் அந்தச் சட்டத்தையே காரணம் காட்டி உத்தரவாத அட்டை வைப்பதில்லை. ஆனாலும் பழுது பார்த்துத் தருகிறது. கட்டையில் பள்ளம், உலோகத்தில் கீறல் போன்றவற்றைக் கடையில் ஏற்பட்டவை என்று தயாரிப்பாளர் தள்ளிவிடுவார். கடையோ நீங்கள் செய்தது என்று சொல்லும். முன்பே எடுத்த படம் இல்லாமல் இதில் வெல்வது கடினம்.

பூட்டும் கம்பியும் போட்டே காட்டுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்னத்தைப் பார்ப்பது?

திருட்டுக்கு அஞ்சி அப்படிச் செய்கிறார்கள்; அந்த அச்சம் நியாயமானது. திருட்டோ காணாமல் போவதோ தெரிந்த 48 மணி நேரத்துக்குள் கடைக்காரர் ஏ.டி.எஃப்.க்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் உலோகக் கம்பியை உறையில்லாமல் விசைக் காப்பின் வழியே கோத்தால் அது உரசத்தான் செய்யும். வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், பூட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் அந்தத் துப்பாக்கியை நீங்கள் சோதிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பழைய துப்பாக்கி வரிசையில் விலை குறைவாக இருக்கிறது. அதில் என்ன ஆபத்து?

பழையதில் கீறல் ஒரு பொருட்டல்ல. தயாரிப்பாளர் திரும்ப அழைத்த துப்பாக்கியா என்பதுதான் கேள்வி. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்யப்பட்ட, எக்ஸ்மார்க் புரோ விசை கொண்ட ரெமிங்டன் 700, மாடல் செவன் ரைஃபிள்கள், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்று 2014இல் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனுக்கு முன் செய்த ரூகர் மார்க் 4 பிஸ்டலில், பாதுகாப்புப் பொத்தான் பாதியில் நிற்கும்போது விசையை அழுத்திவிட்டு, பிறகு பொத்தானைச் சுடும் நிலைக்குத் தள்ளினால் வெடிக்க வாய்ப்பிருந்தது. சிக் சாவர் பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்தபின், அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் இலவச மேம்பாட்டை அறிவித்தது.

இவை லட்சக்கணக்கானோர் விரும்பி வாங்கும் துப்பாக்கிகள் என்பதால் பழைய வரிசையில் அடிக்கடி வரும். சரிசெய்யப்பட்டதா என்று கவுண்டரில் கேட்டால், பழைய உரிமையாளர் சொல்லாதவரை ஊழியருக்குத் தெரிய வழியில்லை. தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரெமிங்டன் 2020இல் திவாலாகிப் பல பகுதிகளாக விற்கப்பட்டதால், பழைய ரெமிங்டன்களுக்கு இப்போது யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

தோட்டாப் பெட்டிகள் அலமாரியில் கலந்து கிடக்கின்றன. அது வெறும் ஒழுங்கீனம்தானே?

இல்லை, இந்தப் பக்கத்திலேயே உயிருக்கு நேரடியாக ஆபத்தான விஷயம் இதுதான். கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறியது. 20 கேஜ் தோட்டா ஒன்று 12 கேஜ் ஷாட்கனுக்குள் போனால் அது அறையைத் தாண்டி முன்னே நழுவி, குழல் குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். திறந்து பார்ப்பவருக்கு அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல், அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கைக்கு அருகிலேயே வெடித்துத் திறக்கும். இதைத் தவிர்க்கத்தான் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். அதேபோல் .300 பிளாக்அவுட் தோட்டா, .223 ரைஃபிளின் மேகசினிலேயே பொருந்தும், தவறிச் சுட்டால் .30 அளவுக் குண்டு .22 அளவுக் குழலுக்குள் திணிக்கப்பட்டு ரைஃபிள் சிதறும்.

அலமாரியின் விலைச்சீட்டைப் பார்த்து வாங்காமல், பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் உங்கள் குழலில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டு வாங்குங்கள். முத்திரை பிரிந்த பெட்டியை வாங்கவே வேண்டாம்; உள்ளே வேறு தோட்டா மாறியிருக்கலாம்.

ஊழியர் குழல்வாயை என் குழந்தையை நோக்கித் திருப்பினார். காலியாகத்தான் இருந்தது. புகார் செய்தால் மிகையாகிவிடுமா?

மிகையாகாது. காலி என்று எண்ணியதுதான் தவறுதலாக வெடித்த துப்பாக்கிகளின் வழக்கமான முன்கதை. முதலில் அங்கேயே, உடனே, தெளிவாகச் சொல்லுங்கள்: 'தயவுசெய்து குழல்வாயை வேறு பக்கம் திருப்புங்கள்.' இப்படிச் சொல்வது அங்கே இயல்பான பேச்சு. பெரும்பாலானவர்கள் வருந்தித் திருத்திக்கொள்வார்கள். பிறகு மேலாளரிடம் நேரத்தையும் நடந்ததையும் சொல்லுங்கள்; பெரிய கடை என்றால் தலைமை அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஏ.டி.எஃப். இதற்கான இடம் அன்று. பதிவேடு, சட்டமீறிய விற்பனை ஆகியவை அதன் வேலை.

என் நண்பர் ஒருவர் தன் பகுதிக் கடையொன்றைப் பற்றி இப்படி எழுதியபின், அங்கே சுவரின் ஒரு பக்கத்தைக் குறித்து, எல்லாத் துப்பாக்கிகளையும் அந்தத் திசையிலேயே திருப்பிப் பார்க்க வேண்டும் என்று பலகை வைத்தார்கள். ஊழியரைத் தண்டிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அப்படி ஒரு திசை இல்லாததையே சுட்டிக்காட்டினார்.

படிவத்தில் எழுதிய தொடர் எண்ணும் துப்பாக்கியில் இருப்பதும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பேசாமல் விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. ரசீதை வைத்து இதைக் கண்டுபிடித்திருப்பீர்கள். படிவம் கடையில் இருக்கும். குற்றம் ஒன்றில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கிலுள்ள ஏ.டி.எஃப். தேசியத் தடமறிதல் மையம், தயாரிப்பாளரிலிருந்து தொடங்கிக் கடை வரை அந்த எண்ணை வைத்தே பின்தொடர்கிறது. உங்கள் பெயருக்கு எதிரே வேறொரு துப்பாக்கியின் எண் இருந்தால், நீங்கள் தொட்டே பார்க்காத துப்பாக்கிக்கு நீங்கள் பதில் சொல்ல நேரிடும். அதே நேரத்தில், உங்கள் கையில் இருப்பது கடையின் பதிவேட்டில் இன்னும் விற்காத சரக்காக நிற்கும். அடுத்த சரக்குக் கணக்கெடுப்பில் அது காணாமல் போனதாகவே தெரியும்.

அன்றே கடைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, தொடர் எண்ணின் படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையெழுத்தான மூலப் படிவத்தில் அவர்கள் எதையும் அடித்துத் திருத்தக் கூடாது. அதை நகலெடுத்து, நகலில் திருத்தி, சுருக்கொப்பமும் தேதியும் இட்டு மூலத்தோடு இணைக்க வேண்டும் என்பதே முறை. பதிவேட்டிலும் அதற்கேற்பத் திருத்தம் வர வேண்டும். துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னால், முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோட்டாவை எடுத்துவிட்டு உறையில் வைத்துக் கொண்டு போங்கள். திருத்தம் முடிந்தது என்று எழுத்தில் ஒரு வரி வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.